கொழுந்து லொறிச் சத்தம்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. அதிக நேரம் இல்லை. முதுகுச் சுமையை இறக்கிவைத்துவிட்டு ஒரு ஆள் நிமிரும் நேரம்தான். பிறகு நின்றுவிட்டது. புதிதாகப் பூட்டிய ஃபில்டரின் குணம் என்று கிரிஷாந்தன் எடுத்துக்கொண்டான்.

அன்று பகல் பதுளையில், பஸீலின் உதிரிப்பாகக் கடை வாசலில் வைத்துத்தான் அதைப் பூட்டினார்கள். பொனட்டுக்குள் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியையும், அதற்குள் இருந்த காகித ஃபில்டரையும், பக்கத் தகட்டுக்குள் ஒளிந்து கிடந்த குழாயையும் பஸீல் கழற்றிக் கீழே வைத்தார். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், அதன் நுனியில் புனல் மாதிரி ஒரு சிவப்பு ஃபில்டர். மூடி கிடையாது. பெட்டி கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தபோது எழுந்த சத்தத்தில் கடையின் தகரக் கதவு நடுங்கியது.

"பவர் கூடுமெண்டு நெனக்க வாணாம் தம்பி," என்றார் பஸீல். "பொனட்டுக்குள்ள ஈக்கிற சூட்டுக் காத்தத்தான் இது குடிக்கும். ஏத்தத்துல இழுவ கொஞ்சம் கொறயும். சத்தம் மட்டும் நல்லா ஈக்கும்."

சத்தம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. மூணாங்கட்டைத் தேயிலை டிவிஷனில் வாடகைக்கு, ஹயருக்கு ஓடுகிற ஒரே கார் அவனுடையது. பழைய ஜப்பான் கார், பூனை மாதிரி வரும். அங்குதான் பிரச்சினை. மடுல்சீமைப் பக்கம் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது. தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு குனிந்து நடக்கிற பெண்கள் கண்ணால் ரோட்டைப் பார்ப்பதில்லை, காதால்தான் பார்க்கிறார்கள். இது ஆஸ்பத்திரி வண்டி, இது கடைக்காரனின் ஆட்டோ, இது இன்னும் கீழ் வளைவில்தான் வருகிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்து, சரியான நேரத்துக்கு ஓரத்து வடிகால் கானுக்குள் காலை வைத்து ஒதுங்கிவிடுவார்கள். அவனுடைய கார் மட்டும் முதுகுக்கு வந்த பிறகுதான் தெரியும். போன மழைக்கு ஒருத்தியின் சாக்கில் கண்ணாடி உரசிவிட்டது. அவள் விட்ட ஏச்சு இன்னும் காதில் இருந்தது.

கழற்றிய பெட்டியைப் பஸீல் பேப்பரில் சுற்றி டிக்கியில் வைத்தார். வீசிவிட வேண்டாம் என்றார். பிறகு, பொனட்டை மூடும்போது, கேட்காமலே ஒன்று சொன்னார்.

"இது புதுச் சத்தம் இல்ல. ஒங்கட எஞ்சின் எந்நாளும் இப்பிடித்தான் மூச்சு இழுத்த. பெட்டி அத வெளிய உடாம வச்சீந்திச்சி, அவ்வளவுதான்."

பசறையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கார் பேச ஆரம்பித்தது. மிதித்தால் அடிவயிற்றிலிருந்து ஊ என்று இழுத்தது, காலைத் தளர்த்தினால் புஸ்ஸென்று விட்டது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பி அனுப்ப, மறுபக்கம் பள்ளம் அதை விழுங்கிக்கொண்டது. அவன் கண்ணாடியை இறக்கிவிட்டு, நனைந்த மண்ணும் கருகிய பிரேக்கும் கலந்த வாசனையோடு, சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

தோட்டத்து ரோட்டில் பழைய நிறுவைக் கொட்டகை இருக்கிறது. இப்போது கொழுந்தை மலையிலேயே எடை போட்டுவிடுகிறார்கள். கொட்டகையில் துருப்பிடித்த கூரையும் தராசு தொங்கிய கொக்கியும்தான் மிச்சம். அந்த வளைவுக்காகக் காலை எடுத்தான். அப்போதுதான் அந்தக் கூடுதல் மூச்சு கேட்டது. அதோடு காரின் பின்பக்கம் மெதுவாகக் கீழே அமிழ்ந்தது, டிக்கியில் யாரோ ஒரு நனைந்த சாக்கை இறக்கிவைத்த மாதிரி. கண்ணாடியில் பார்த்தான். பின் விளக்கில் சிவந்த பனி. வேறொன்றும் இல்லை.

லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் அவன் மாமியார் ஜெயலெட்சுமி ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில், கொழுந்தெடுக்கிறவர்கள் கட்டும் படங்குச் சாக்கு இறுக்கிக் கட்டியிருந்தது. தலைக்கயிறு நெற்றியில், வெறும் கொழுந்துச் சாக்கு முதுகில். முழங்கால் போய் அவள் வேலையை விட்டு எத்தனையோ காலம். காரை அவள் பார்க்கவில்லை. காருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை, இங்க நிக்கிறீங்க?"

"லொறி வந்துச்சு."

"எந்த லொறி? நாந்தான் வந்தேன்."

அவள் குனிந்து தன் இடுப்பில் கட்டியிருந்த சாக்கைப் பார்த்தாள். வேறு யாரோ கட்டிவிட்டதைப் போல் அவசரமாக அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி மேனுஷா காம்பிரா அறை வாசலில் நின்று சிரித்தாள். "அம்மாவுக்கு வீட்டுல இருக்க முடியலயாம். வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுக்குக் கெளம்பிருச்சு." கார் வாங்கியதே அவளுக்காகத்தான். இந்த டிவிஷனிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறிக்கும் டிராக்டருக்கும் கெஞ்சுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். மேனுஷாவுக்கு அந்த நிலை வரக்கூடாது. அவனுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது.

காலையில் டிக்கியைத் திறந்தால் கொழுந்து. இரண்டு இலையும் மொட்டுமாக, கிள்ளிய காம்பு கறுக்காமல், கை நிறைய அள்ளும் அளவுக்கு ஈரமாகக் கிடந்தது. லயத்துப் பொடிசுகளின் வேலை என்று கூட்டித் தள்ளினான். மறுநாளும் கிடந்தது. டிக்கியைப் பூட்டி, சாவியைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தான். அடுத்த நாள் பின் சீட்டிலும் கிடந்தது. காருக்குள் நனைந்த சாக்கின் புளித்த வாடை ஏறியது. கதவுகளைத் திறந்துவைத்து வெயில் காட்டியும் போகவில்லை.

அந்த வாரம் ஏழாம் நம்பர் தேயிலை மலையிலிருந்து பெண்கள் நேரத்துக்கு முன்பே ரோட்டுக்கு இறங்கி, கங்காணியிடம் ஏச்சு வாங்கினார்கள். லொறிச் சத்தம் கேட்டது, அதனால் வந்தோம் என்றார்கள். லொறி வரவில்லை. வந்தது கிரிஷாந்தனின் கார். எல்லோருக்கும் சிரிப்பு. ஒரு இளம்பெண் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "சும்மா வராதீங்கண்ணே. அடுத்த தடவ தராசையும் தூக்கிக்கிட்டு வாங்க," என்றாள். வயதான பெண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் கானுக்குள் ஒதுங்கி நின்று, கார் போகும் வரை தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு பசறையில் ஒரு ஹயர். அரிசி மூட்டையோடு வந்த ஒரு நடுவயது ஆள். பின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். "ஆள் இருக்கே," என்று சாதாரணமாகச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். கிரிஷாந்தன் காரை எடுத்தான். வழி முழுவதும் அந்த ஆள் விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பாதி ஏற்றத்தில் ஒருமுறை பின்னால் திரும்பினார். அதோடு பேச்சு நின்றது. இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே இறங்கி, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அன்று பின்னேரம் மேனுஷா படுத்திருந்தாள். ஜெயலெட்சுமி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் குந்தி, அது எந்த லொறி என்று கேட்டான். அவள் ரொட்டியைப் புரட்டினாள். புகை கண்ணைக் கரித்தது. ரொட்டி கருகிய பிறகுதான், அடுப்பைப் பார்த்தே சொன்னாள்.

அந்தக் காலத்துக் கொழுந்து லொறிக்கு ஏர் கிளீனர் டப்பா கழன்று விழுந்துவிட்டதாம். டிரைவர் குழாயின் வாயில் சாக்குத் துணியைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அது மூச்சு வாங்கும் சத்தம் மலை முழுக்கத் தெரியும். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் கொட்டகைக்கு இறங்கி வரிசையில் நிற்பார்கள். ஒரு நாள் பெரும் மழை. இங்கே நிறுக்க நேரமில்லை, தொழிற்சாலை ஸ்டோரில் நிறுக்கலாம் என்று சாக்குகளை அப்படியே ஏற்றினார்கள். கொழுந்து மேல் ஆள் ஏறக்கூடாது என்பது சட்டம். நனைந்த காலோடு அவ்வளவு தூரம் எவள் நடப்பாள்? ஏறினார்கள். ஜெயலெட்சுமியும் ஏறினாள். அப்போது மேனுஷா அவள் வயிற்றில். கொட்டகை வளைவில் வாந்தி வந்தது. தகரத்தில் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"நீங்க போங்கடி, நான் நடந்து வாறேன்னு சொன்னேன். ஒன் எடத்த வச்சிருக்கோம், வெரசா வான்னு சொன்னாளுக. எல்லாத்துக்கும் சிரிப்பு."

அடுத்த வளைவில் லொறி பள்ளத்துக்குள் போனது. அவள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தபோது பனிதான் இருந்தது. கீழேயிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"விழுந்த பொறவும் மூச்சு இழுத்துச்சு மாப்புள. கொஞ்ச நேரம் இழுத்துச்சு."

அவன் எழுந்தான். அவள் கருகிய ரொட்டியை அடுப்புக்குள் போட்டாள்.

"செத்தவளுகளுக்கு அன்னைக்கு நாள் சம்பளத்துக்குப் பேர் கூட போடல. நிறுக்காத கொழுந்துக்குப் பேர் இல்லன்னுட்டாங்க."

அவன் வாசலுக்கு வந்து டிக்கியிலிருந்து பழைய பெட்டியை எடுத்தான். மழை விட்டு, பனி லயத்துக் கூரைகளுக்கு மேல் வந்து நின்றது. வெளிச்சம் இருந்தும் எதுவும் தெரியாத நேரம். பொனட்டைத் தூக்கி, குழாயைக் கழற்றி, சிவப்பு ஃபில்டரைக் கையில் எடுத்தான். கனத்தது. மடிப்புகளுக்கு நடுவே கொழுந்து, அரைபட்டு, ஈரமாக, அழுத்தி அடைத்திருந்தது. விரலை விட்டுத் தோண்டினான். உள்ளே வரைக்கும் கொழுந்து. இதில் எந்த எஞ்சினும் மூச்சு விட முடியாது. ஆனால் இவ்வளவு நாளும் விட்டிருக்கிறது.

அதைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கருகே எறிந்தான். பெட்டியைப் பூட்டினான், அதன் காகித ஃபில்டரைப் போட்டான், கிளிப்புகளை அழுத்தினான். சாவியைத் திருப்பினான். கார் பூனை மாதிரி நின்றது. மிதித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. மெல்லிய உறுமல், அவ்வளவுதான். இறங்கி, பொனட்டை மூடி அதிலேயே சாய்ந்துகொண்டான்.

உள்ளேயிருந்து மேனுஷா கூப்பிட்டாள். வலி தொடங்கிவிட்டது.

அவளைப் பின் சீட்டில் ஏற்றி, பக்கத்தில் ஜெயலெட்சுமியை உட்காரவைத்து, துணிப்பையை முன்னால் போட்டான். பதுளைக்கு வேறு ரோடு இல்லை. கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மேனுஷா பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். வைப்பர் கறகறத்தது. விளக்கை ஏற்றினால் முன்னால் வெள்ளைச் சுவர், இறக்கினால் ஈர ரோட்டில் ஒரு முழம். இவ்வளவு அமைதியான காரை அவன் ஓட்டியதே இல்லை என்று தோன்றியது. இந்தப் பனியில் இந்தக் கார் வருவது யாருக்கும் கேட்காது.

முதலில் தெரிந்தது ஒரு குதிகால்.

பிரேக்கை மிதித்தான். வெறும் கால். வெடித்த பாதம். கெண்டையில் அட்டை கடித்த இடத்திலிருந்து ஒரு கோடாக இரத்தம். பக்கத்தில் இன்னொரு கால். அதற்கு அப்பால் இன்னும். முதுகுகள். ஒவ்வொரு முதுகிலும் நிறைந்த சாக்கு. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் சத்தம் இல்லை. கொட்டகையிலிருந்து ரோட்டின் நடு வரைக்கும் வரிசையாக நின்றார்கள். நிறுவைக்கு நிற்கிற மாதிரி. பொறுமையாக.

ஹோர்ன் அடித்தான். யாரும் ஒதுங்கவில்லை.

திரும்ப அடித்தான். ஒரு தலைகூட அசையவில்லை. பின்னால் எடுக்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்தான். பின்னாலும் சாக்குகள்.

எஞ்சின் தானாக நின்றது.

அமைதி. மேனுஷாவின் மூச்சு மட்டும்.

பிறகு கீழ் வளைவிலிருந்து வந்தது. ஊ என்று ஒரு இழுவை. புஸ்ஸென்று ஒரு விடுதல். மறுபடியும் இழுவை. அவனுடைய ஃபில்டர் தண்ணீர்ப் பீலிக்கருகே கிடக்கிறது. அவனுடைய எஞ்சின் செத்துக் கிடக்கிறது. சத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

செல்ஃப் அடித்தான். பிடிக்கவில்லை. அடித்தான். பிடிக்கவில்லை.

"விடுங்க மாப்புள," என்றாள் ஜெயலெட்சுமி. குரலில் நடுக்கம் இல்லை. "அது எனக்கு வச்ச எடம். நான் போய் நின்னா வழி விடுவாளுக. நீங்க புள்ளயக் கொண்டு போங்க."

மேனுஷா அவள் சேலையைப் பிடித்தாள். ஜெயலெட்சுமி அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். இறங்கினாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, முழங்கால் வலிக்காதவள் போல நடந்தாள். வரிசையில் முதுகுகள் விலகின. அவள் போய் நின்றாள். யாரோ அவள் தோளில் ஒரு சாக்கை ஏற்றினார்கள்.

வரிசை மூடும் என்று காத்திருந்தான்.

மூடவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் நிற்கும் இடம் இருந்தது. எல்லோரும் அந்த இடத்தைக் கொஞ்சமும் உரசாமல் நின்றார்கள். ஜெயலெட்சுமியும் அதைப் பார்த்தாள். திரும்பிக் காரைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று லொறியிலிருந்து இறங்கியது ஒரு ஆள் இல்லை, இரண்டு.

கிரிஷாந்தன் பின்னால் கையை நீட்டி மேனுஷாவின் கையைப் பிடித்தான். ஈரம். குளிர். பிடித்த கையைப் பார்த்தான். அவள் கொழுந்தெடுப்பதை விட்டு மாதக்கணக்கு. விரல் நுனிகளில் கறை மறைந்தே போயிருந்தது. இப்போது கருகருவென்று புதுக் கறை.

"மேனுஷா."

"லொறி வந்திருச்சுங்க," என்றாள். தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி.

கை நழுவியது. கதவு திறந்தது. இத்தனை நாளும் அமிழ்ந்து கிடந்த காரின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது.

விளக்கு வெளிச்சத்துக்குள் அவள் முதுகு நடந்துபோனது. வயிற்றுக்கு மேலே படங்குச் சாக்கு கட்டியிருந்தது. அவள் கட்டியதை அவன் பார்க்கவில்லை. இடத்தில் போய் நின்றாள். இரண்டு கையையும் தூக்கி, தலைக்கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டாள்.

சத்தம் வளைவைத் திரும்பியது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கானுக்குள் காலை வைத்து ஒதுங்கினார்கள். அவளும்.

ரோட்டின் நடுவில் அவன் கார் மட்டும் நின்றது.